முயல் படம் பார்த்து வாங்குகிறோமா? விலங்குச் சோதனை இல்லாத அழகுப் பொருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் உண்மையிலேயே பார்த்துத்தான் வாங்குகிறார்களா?

பார்க்கிறார்கள், ஆனால் கடைசியாக. எந்த ஊர் ஃபேன்ஸி ஸ்டோரிலும் சாயங்கால நேரத்தில் கொஞ்சம் நின்று காது கொடுத்தால் தெரியும். "அக்கா, இந்த மை வேர்வையில வழியுமா?" "டேட் இருக்கான்னு பாருங்க." "ஒரிஜினல்தானே?" "பரு வராதுல்ல?" கேள்விகள் இப்படித்தான் வரும். இதை எந்த விலங்கின் மேல் சோதித்தார்கள் என்று கேட்பவர் அபூர்வம்.

அதற்காக அக்கறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரே விலை, ஒரே நிறம், இரண்டும் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்ற நிலையில் இரண்டு லிப்ஸ்டிக் இருந்து, ஒன்றின் அட்டையில், விலங்குகள் மேல் சோதிக்கவில்லை என்பதற்கு அடையாளமாகக் குட்டி முயல் படம் இருந்தால், கை அந்தப் பக்கம்தான் போகும். அந்தப் படத்துக்காக நூறு ரூபாய் கூடக் கொடுப்பார்களா, பிடித்த ஷேடை விட்டுக்கொடுப்பார்களா என்றால் பலரும் தயங்குவார்கள். இந்த விஷயத்தில் வாங்குபவர்களின் அக்கறை பர்ஸ் வழியாகச் சாதித்ததைவிடக் கையெழுத்து வழியாகவும் சட்டம் வழியாகவும் சாதித்ததே அதிகம் என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பது கீழே வரும் பதில்களில் தெரியும்.

ஆனால் சர்வேக்களில் பெரும்பாலானவர்கள் "முக்கியம்" என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள். நீல்சன் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2015ல் அமெரிக்காவில் வெளியிட்ட கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். அழகுப் பொருள் அட்டையில் இருக்கும் வாசகங்களில் எது முக்கியம் என்று கேட்டபோது, "விலங்குகள் மீது சோதிக்கப்படாதது" என்பதுதான் முதலிடம் பிடித்தது. 57 சதவீதம் பேர் அதைச் சொன்னார்கள். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தயாரா என்று கேட்டதும் அது 43 சதவீதமாக இறங்கிவிட்டது. பணத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தவுடனே இவ்வளவு பேர் நழுவினால், உண்மையில் பில் போடும்போது இன்னும் எத்தனை பேர் நழுவுவார்கள்? "முயலைக் கொடுமைப்படுத்தலாமா?" என்று கேட்டால் "தாராளமாக" என்று யார்தான் சொல்வார்கள்?

எதிர்த் திசையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் நீல்சன்ஐக்யூ என்ற சந்தை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அமெரிக்கக் கடைகளின் உண்மையான விற்பனையை ஆராய்ந்து 2023ல் வெளியிட்டார்கள். விலங்கு நலம், சுற்றுச்சூழல், ஆர்கானிக் போன்ற வாசகங்களைத் தாங்கிய பொருள்கள் ஐந்தாண்டுகளில் 28 சதவீதம் வளர்ந்தன, தாங்காதவை 20 சதவீதம். உணவு, வீட்டுப் பொருள், அழகுப் பொருள் எல்லாம் கலந்த கணக்கு இது. விலங்கு நலத்தை மட்டும் தனியே பிரித்துச் சொல்லவும் முடியாது, வாசகத்தால்தான் விற்றது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் விற்பனை ரசீதில் ஒரு தடம் இருக்கிறது. சர்வே காட்டும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அப்படி என்னதான் சோதனை செய்கிறார்கள்?

பெயர் பெற்றது டிரெய்ஸ் சோதனை. அமெரிக்க உணவு மருந்துத் துறையில் வேலை பார்த்த ஜான் டிரெய்ஸ் என்ற நச்சியல் நிபுணர் 1944ல் வகுத்த முறை. முயலின் ஒரு கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தப் பள்ளத்தில் 0.1 மில்லி திரவத்தை விடுவார்கள். தூளாக இருந்தால் 100 மில்லிகிராம். பிறகு இமையைச் சில நொடிகள் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். மறு கண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஒரு மணி நேரம் கழித்து, அப்புறம் 24, 48, 72 மணி நேரத்தில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். தேவைப்பட்டால் 21 நாள் வரை நீளும். மொத்தம் 110 மதிப்பெண், அதில் 80 கருவிழிப் படலம் எவ்வளவு மங்கியது என்பதற்கு.

மயக்க மருந்து, வலி மருந்து எல்லாம் பின்னாளில் வந்த சேர்க்கை. இத்தனை செய்தும் முடிவு உறுதியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரே பொருள்களைப் பல ஆய்வகங்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டபோது, ஓரிடத்தில் கடும் எரிச்சல் என்று வந்தது இன்னோரிடத்தில் எரிச்சலே இல்லை என்று வந்ததை வைல், ஸ்காலா என்ற இருவர் 1971ல் வெளியிட்டார்கள்.

ஏன் முயல்?

சாது, விலை குறைவு, கண் பெரிது, கண்ணீர் அதிகம் சுரந்து, விட்ட பொருளைக் கழுவிவிடாது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

இது எப்படித் தொடங்கியது? எப்படி எதிர்ப்பு வந்தது?

தொடங்கியது ஒரு நியாயமான பயத்தில். 1933 வாக்கில் அமெரிக்காவில் லேஷ் லூர் என்ற கண்ணிமைச் சாயம் விற்றது. அதைப் போட்டுக்கொண்டு கண் புண்ணாகிப் பார்வை போனவர்கள் உண்டு, உயிரிழந்த பெண்ணும் உண்டு. அதில் இருந்த ரசாயனம் பாராஃபினைலீன்டையமின். இன்றும் பல கருப்பு ஹேர் டைகளில் இருப்பது அதேதான். "முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள்" என்று அட்டையில் போடுவது அதனால்தான். இப்படிப்பட்ட சம்பவங்களால் 1938ல் அமெரிக்காவில் அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதன் பின்னால் விலங்குச் சோதனையும் வழக்கமாகிவிட்டது. மனிதக் கண்ணைக் காப்பாற்றத் தொடங்கியது, நாற்பது வருஷம் யாரும் திரும்பிப் பார்க்காத பழக்கமாக நின்றுவிட்டது.

திரும்பிப் பார்க்க வைத்தவர் ஹென்றி ஸ்பைரா. முன்னாள் கப்பல் தொழிலாளி, அப்புறம் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். 1980 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். கண்ணில் கட்டுப் போட்ட முயல் படம். அழகுக்காக ரெவ்லான் எத்தனை முயல்களின் கண்ணைக் குருடாக்குகிறது என்பது கேள்வி. எல்லா நிறுவனங்களும் செய்ததைத்தான் ரெவ்லானும் செய்தது. ஆனால் அழகை விற்கும் நிறுவனத்தின் பெயரோடு குருட்டு முயல் ஒட்டிக்கொண்டால் எந்த விளம்பரத்தாலும் கழுவ முடியாது என்று ஸ்பைராவுக்குத் தெரியும்.

அவர் கேட்டதும் கெட்டிக்காரத்தனமான கோரிக்கை. "நாளைக்கே நிறுத்து" என்று கேட்கவில்லை, "மாற்று வழி கண்டுபிடிக்கப் பணம் கொடு" என்று கேட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் ரெவ்லான் 7,50,000 டாலரை ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. 1981ல் இதே துறையின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்றுச் சோதனைகளுக்கான மையம் உருவானது. 1989ல் ஏவானும் ரெவ்லானும் விலங்குச் சோதனையை நிறுத்துவதாக அறிவித்தன. ரெவ்லான் விற்பனை சரிந்ததால் இதெல்லாம் நடக்கவில்லை. சரிந்துவிடுமோ என்ற பயமே போதுமானதாக இருந்தது.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி. அனிதா ராடிக் 1976ல் பிரிட்டனின் பிரைட்டன் நகரில் தொடங்கிய பாடி ஷாப், கடைக் கவுன்டரையே கையெழுத்து வாங்கும் இடமாக்கியது. ஷாம்பூ வாங்க வந்தவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். 1996ல் ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுத்த மனுவில் 40 லட்சம் கையெழுத்து. 1998லிருந்து தடை என்று முன்பே சொல்லிவிட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஒன்றியம், கடைசியில் தயாராகி முடிந்த பொருள்களுக்கு 2004லும், மூலப்பொருள்களுக்கு 2009லும் சோதனையைத் தடை செய்தது. வேறு நாட்டில் சோதித்துவிட்டு இங்கே கொண்டுவந்து விற்பதும் கூடாது என்ற முழுத் தடை 2013 மார்ச் 11 அன்று வந்தது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

அழகுப் பொருளை விலங்கின் மேல் சோதிக்கக் கூடாது. 2014 மே மாதம் மருந்து, அழகுப் பொருள் விதிகளில் 148-சி என்ற விதியாக இது சேர்ந்தது. அதற்கு முந்தைய வருஷமே இந்தியத் தர நிர்ணய அமைப்பு தன் தரக் குறிப்பிலிருந்து விலங்குச் சோதனையை எடுத்துவிட்டது. 2014 நவம்பரிலிருந்து, விலங்குகள் மீது சோதித்த அழகுப் பொருளை இறக்குமதி செய்வதற்கும் தடை. தெற்காசியாவில் இப்படிச் செய்த முதல் நாடு இந்தியாதான். 2020ல் அழகுப் பொருள்களுக்குத் தனி விதித் தொகுப்பு வந்தபோதும் தடை தொடர்ந்தது.

இங்கே வாங்குபவர்கள் கேட்டுப் போராடி இந்தத் தடை வரவில்லை. விலங்கு நல அமைப்புகள் டெல்லியில் வாதாடி வாங்கிய சட்டம் இது. நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. பத்து வருஷத்துக்கும் மேலாகத் தெரியாமலே அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் இந்தியாவில் செய்த பொருளில் "குரூயல்டி ஃப்ரீ", அதாவது விலங்குக் கொடுமை இல்லாதது, என்று போடுவது எதற்கு?

நல்ல கேள்வி. ஐம்பது ரூபாய்க் கண்மையும் ஐந்நூறு ரூபாய்க் கண்மையும் ஒரே சட்டத்தின் கீழ்தான் இருக்கின்றன. ஒன்றின் அட்டையில் முயல் குதிக்கிறது, இன்னொன்றில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பாதி நேரம் அது சட்டப்படி செய்தே ஆக வேண்டியதைச் சாதனையாகக் காட்டிக்கொள்ளும் விளம்பரம்.

மீதிப் பாதி நேரம் அர்த்தம் உண்டு. அந்த நிறுவனம் வெளிநாட்டிலும் விற்கலாம், அங்கே என்ன சோதனை நடக்கிறது என்பது நம் சட்டத்தின் எல்லைக்குள் வராது. மூலப்பொருளை விற்கும் ரசாயனக் கம்பெனி எங்கே, எதற்காகச் சோதித்தது என்ற கேள்வியும் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு வெளியாள் சரிபார்த்துக் கொடுத்த முத்திரை என்றால் மதிப்பு உண்டு. நிறுவனமே சொந்தமாக வரைந்துகொண்ட முயல் என்றால், அந்த அச்சு மைக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவுதான்.

முயல் படங்களில் எதை நம்புவது?

சட்டத்தை மட்டும் நம்பி இந்த வாசகத்தை எடுத்துக்கொள்ள முடியாது. "குரூயல்டி ஃப்ரீ" என்பதற்கு அமெரிக்காவிலேயே சட்டப்படி விளக்கம் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்கிற நிலை. முடிந்த பொருளை மட்டும் சோதிக்காமல், உள்ளே போகும் சரக்கைச் சோதித்துவிட்டும் போடுவார்கள்.

கறாரானது லீப்பிங் பன்னி, அதாவது தாவும் முயல். 1996ல் எட்டு விலங்கு நல அமைப்புகள் சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கிய ஏற்பாட்டின் முத்திரை. ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு தங்கள் பொருளுக்காகவோ அதன் மூலப்பொருளுக்காகவோ எந்தச் சோதனையும் நடக்கவில்லை என்று நிறுவனம் மட்டுமல்ல, அதற்குச் சரக்குக் கொடுப்பவர்களும் உறுதி தர வேண்டும். வெளித் தணிக்கைக்கும் சம்மதிக்க வேண்டும்.

இன்னொன்று பீட்டாவின் முயல். இதில் நிறுவனமும் சரக்குக் கொடுப்பவர்களும் எழுத்தில் தரும் உறுதிமொழிதான் அடிப்படை. லீப்பிங் பன்னி போலத் தணிக்கை கிடையாது. நம் ஊர்க் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது இதுதான்.

பீட்டா என்றாலே எங்களுக்கு ஜல்லிக்கட்டுதான் ஞாபகம் வருகிறது. அந்த முத்திரையைப் பார்த்து வாங்க மனசு வரவில்லையே?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் மட்டும்தான் வரும், வருவதில் ஆச்சரியமும் இல்லை. உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததும் 2014 மே மாதம், முயலைக் காப்பாற்றும் 148-சி விதி வந்ததும் அதே மே மாதம். முதல் செய்தி ஊரையே எழுப்பி 2017 ஜனவரியில் மெரினாவில் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டாவது செய்தி யார் காதிலும் விழவில்லை. பீட்டாவைத் தடை செய் என்று மெரினாவில் பதாகை பிடித்தவர்கள், வீட்டில் அந்த அமைப்பின் முயல் போட்ட ஃபேஸ் வாஷ் வைத்திருந்திருக்கவும் கூடும்.

முத்திரை கொடுக்கும் அமைப்பின் மேல் கோபம் இருந்தால் அது முயலின் குற்றமில்லை. லீப்பிங் பன்னிக்கும் பீட்டாவுக்கும் சம்பந்தம் கிடையாது. அதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் நிறுவனத்தையே நேரடியாகக் கேளுங்கள். என்ன கேட்பது என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

சோப், பற்பசை அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அந்தப் பச்சைப் புள்ளி உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறது, எப்படிச் சோதித்தார்கள் என்று சொல்வதில்லை. மாட்டுக் கொழுப்பு சேராத சோப் என்பது வேறு, முயல் கண்ணில் விடாத சோப் என்பது வேறு.

ஆனால் நம் நாட்டில் வாங்குபவர்களின் அக்கறை எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள இந்தப் பச்சைப் புள்ளி ஒரு நல்ல வழி. 1918லேயே கோத்ரேஜ் நிறுவனம் விலங்குக் கொழுப்பு இல்லாமல் தாவர எண்ணெயில் செய்த 'சாவி' சோப்பைக் கொண்டுவந்தது. கோத்ரேஜ் சோப்புக்கு ரவீந்திரநாத் தாகூரே விளம்பரத்தில் பரிந்துரை கொடுத்தார். சுதேசி உணர்வும் சைவ ஆசாரமும் சேர்ந்து அந்த சோப்பை விற்றன. உடம்பில் பூசுவதில் மிருகக் கொழுப்பு இருக்கிறதா என்ற கேள்வி நம் வீடுகளில் நூறு வருஷமாக இருக்கிறது. பாட்டிகள் கேட்ட கேள்வி அது. விலங்குக்கு வலித்ததா என்ற கேள்விதான் புதுசு. இந்தியாவில் விற்கும் பிராண்டுகள் இரண்டையும் ஒரே அட்டையில் கலந்து போடுவதற்குக் காரணமும் இதுதான்: பழைய அக்கறையின் தோளில் புதிய அக்கறை சவாரி செய்கிறது.

வீகன் என்றால் விலங்குச் சோதனையும் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. வீகன் என்றால் உள்ளே விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் கிடையாது என்று பொருள். சிவப்பு லிப்ஸ்டிக்கில் வரும் கார்மைன் ஒரு பூச்சியை நசுக்கி எடுக்கும் நிறம். லிப் பாமில் தேன்மெழுகு இருக்கும், கிரீமில் ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்த லனோலின் இருக்கும். இவை இருந்தும் முயல் முத்திரை பெறலாம். எதுவும் இல்லாத வீகன் பொருளை எங்கோ ஒரு ஆய்வகத்தில் சோதித்தும் இருக்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

சீனாவில் விற்கும் பிராண்ட் என்றால் கட்டாயம் விலங்குச் சோதனை உண்டு என்கிறார்களே?

ஒரு காலத்தில் அது சரி. இறக்குமதியாகும் எந்த அழகுப் பொருளும் அங்கே விலங்குச் சோதனை இல்லாமல் கடை ஏறாது. 2014ல் உள்நாட்டில் தயாராகும் சாதாரணப் பொருள்களுக்குத் தளர்த்தினார்கள். 2021 மே 1 முதல், உரிய தயாரிப்புத் தரச் சான்றும் பாதுகாப்பு அறிக்கையும் இருந்தால் இறக்குமதியாகும் ஷாம்பூ, லிப்ஸ்டிக், பெர்ஃப்யூம் போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு. ஹேர் டை, சன்ஸ்கிரீன், சருமத்தை வெளுப்பாக்கும் கிரீம், முடி உதிர்வைத் தடுக்கும் பொருள் இவையெல்லாம் சிறப்பு வகை. அவற்றுக்கு விலக்கு இல்லை. ஆகவே "சீனாவில் விற்றாலே கெட்டது" என்ற பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இன்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்தப் பொருளை விற்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாங்குபவர்கள் கோபப்பட்டுப் புறக்கணித்து ஏதாவது பலித்திருக்கிறதா?

சில நேரம். இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

2012 கோடையில் அர்பன் டீகே என்ற அமெரிக்க மேக்கப் பிராண்ட், சீனாவில் விற்கப்போவதாக அறிவித்தது. அப்போது சீனாவில் விற்பது என்றால் சோதனைக்குச் சம்மதிப்பது என்று அர்த்தம். வாடிக்கையாளர்கள் கொதித்துவிட்டார்கள். சில வாரங்களிலேயே நிறுவனம் முடிவைத் திரும்பப் பெற்றது.

2017ல் ஷிசைடோ என்ற ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமான நார்ஸ் என்ற மேக்கப் பிராண்ட் இதே அறிவிப்பைச் செய்தது. கோபம் குறைவாக இல்லை. இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கான பேர் திட்டினார்கள், இனி வாங்க மாட்டோம் என்றார்கள். நிறுவனம் வருத்தம் தெரிவித்துவிட்டுச் சீனாவுக்குப் போயே விட்டது. அதன் ப்ளஷ் இன்றும் பெரிய கடைகளின் அலமாரியில் இருக்கிறது.

வித்தியாசம் என்ன? அர்பன் டீகே விலங்குச் சோதனை இல்லை என்பதையே தன் அடையாளமாகச் சொல்லி வளர்ந்தது. அதற்காகவே வாங்கியவர்கள் கணிசம். நார்ஸை வாங்கியவர்களில் பலர் நிறத்துக்காக வாங்கினார்கள், முயல் அவர்களுக்கு ஒரு உபரி சந்தோஷம். உபரியை எடுத்துவிட்டால் முணுமுணுப்பு வரும், பழகிய நிறத்தை விட மனசு வராது.

பாடி ஷாப்புக்கும் இதே கண்டம் வந்தது. 2006ல் அனிதா ராடிக் அதை லோரியால் என்ற பெரிய பிரெஞ்சு அழகுப் பொருள் நிறுவனத்துக்கு விற்றபோது, பழைய வாடிக்கையாளர்கள் துரோகம் என்றார்கள். உள்ளே புகுந்து லோரியாலை மாற்றுவோம் என்று அவர் வாதாடினார். அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டார். கடைகள் தொடர்ந்து நடந்தன. லோரியால் 2017ல் அதைப் பிரேசிலின் நட்டூராவுக்கு விற்றது, அப்புறமும் கை மாறியது, 2024ல் பிரிட்டனில் நொடித்துப் போனது. முயல் விஷயத்தில் பாடி ஷாப் தன் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் அது மட்டுமே சொன்னதைப் பிற்பாடு எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு அடி.

எல்லோருமா? பெரிய கம்பெனிகளும் மாறிவிட்டனவா?

நிறைய. 2018ல் டவ் பீட்டாவின் முத்திரை வாங்கியது, அதே வருஷம் கவர்கேர்ள் லீப்பிங் பன்னி பெற்றது. 2021ல் கார்னியே. டவ்வும் கார்னியேவும் நம் ஊர் மளிகைக் கடை வரைக்கும் வருகிற பெயர்கள். யாரும் வற்புறுத்தாமல் இத்தனை பெரிய பிராண்டுகள் சரக்குக் கொடுக்கும் அத்தனை பேரிடமும் உறுதிமொழி வாங்கும் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை. வாங்குபவரின் அக்கறை லேசானதுதான் என்றாலும், கோடிக்கணக்கான பேரின் லேசான அக்கறை என்றால் மார்க்கெட்டிங் பிரிவு கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும்.

பிராண்டில் சோதனை இல்லை, ஆனால் தாய் நிறுவனம் முத்திரை பெறவில்லை. வாங்கலாமா?

இது உங்கள் இஷ்டம். அந்தக் காசு போய்ச் சேர்வது தாய் நிறுவனத்துக்குத்தான் என்று வாங்காதவர்கள் இருக்கிறார்கள். நான் வாங்குவேன். கார்னியே நன்றாக விற்றால் லோரியாலின் மற்ற பிராண்டுகளையும் அந்தப் பக்கம் தள்ள அது ஒரு காரணமாகும் என்பது என் கணக்கு.

விலங்கில் சோதிக்காமல் பாதுகாப்பு எப்படித் தெரியும்? நம் முகத்தில்தான் சோதிக்கிறார்களா?

பயம் புரிகிறது, லேஷ் லூர் கதையைப் படித்தவர்களுக்கு இன்னும் அதிகமாகவே வரும். முதலாவது, கிரீமில் போடும் பெரும்பாலான பொருள்கள் புதியவை அல்ல. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை, அவற்றின் குணம் தெரிந்த கதை. அதில் பலவும் அந்தக் காலத்தில் விலங்குகள் மேல் சோதித்து அறிந்ததுதான் என்பதையும் மறைக்கக் கூடாது.

இரண்டாவது, ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல். பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்து மிஞ்சும் தோலின் செல்களைக் கொண்டு, சிறு கிண்ணங்களில் அடுக்கடுக்காகத் தோல் வளர்க்கிறார்கள். லோரியாலின் எபிஸ்கின் அந்த வகை. அதன் மேல் பொருளைத் தடவி, குறித்த நேரம் விட்டு, கழுவி, பிறகு மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதா நிறமாக்கும். ஊதா எவ்வளவு ஆழமோ அவ்வளவு செல்கள் பிழைத்திருக்கின்றன. பாதிக்கு மேல் செத்துவிட்டால் அந்தப் பொருள் எரிச்சல் தரும் என்று முடிவு. இந்த முறையை ஓஈசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2010ல் ஏற்றுக்கொண்டது. முயல் தோலை வைத்துக் கணிப்பதைவிட மனிதத் தோலை வைத்துக் கணிப்பது மனிதருக்குப் பொருத்தமாக இருப்பதில் அதிசயம் இல்லை.

கண்ணுக்கு இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் மாட்டுக் கண்ணின் கருவிழியையும் பயன்படுத்துகிறார்கள். சோதனைக்காகக் கொன்றதில்லை, எப்படியும் கிடைப்பது. இது குரூயல்டி ஃப்ரீயா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நீண்ட காலப் பாதிப்பு, கருவில் வரும் பாதிப்பு போன்றவற்றுக்குக் கிண்ணத்துத் தோல் போதாது. அங்கே மாற்று முறைகள் இன்னும் முழுமையடையவில்லை.

விலை கூடுதலாக இருக்குமா?

இருக்க வேண்டியதில்லை. மலிவு விலைக்கே பேர் போன அமெரிக்காவின் எல்ஃப், விலங்குச் சோதனை கிடையாது என்று சொல்லித்தான் வளர்ந்தது. விலை கூடுகிறது என்றால் அது பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கும்.

ஐரோப்பாவில் தடை வந்தாயிற்று. அங்கே கதை முடிந்ததா?

முடியவில்லை. அழகுப் பொருள் சட்டம் "சோதிக்காதே" என்கிறது. ரசாயனங்களுக்கான தனிச் சட்டம், தொழிற்சாலையில் அதைக் கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்று சொல்லி, "சோதித்துக் காட்டு" என்கிறது. சன்ஸ்கிரீன் போன்ற அழகுப் பொருள்களில் மட்டுமே பயன்படும் இரண்டு ரசாயனங்களுக்கு இப்படி விலங்குச் சோதனை கேட்டபோது, ஜெர்மனியின் சிம்ரைஸ் நிறுவனம் நீதிமன்றம் போனது. 2023 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நிறுவனம் சோதிக்க மாட்டேன் என்கிறது, அரசு சோதி என்கிறது. ஸ்பைரா காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத தலைகீழ்.

இப்படிச் சோதனை கேட்பதற்கு எதிராக, அந்தத் தீர்ப்புக்கு முன்பே ஐரோப்பிய மக்கள் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துத் திரட்டியிருந்தார்கள். அந்தக் கையெழுத்துகளைப் போட்டவர்கள் எல்லோரும் கடையில் அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் என்று நான் நம்பவில்லை. கடையில் அவசரம், குழந்தை அழுகிறது, ஆஃபர் முடிகிறது. கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிஷம் யோசிக்க நேரம் இருக்கிறது.

நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால் என்ன கேட்பது?

"உங்கள் பொருள் குரூயல்டி ஃப்ரீயா?" என்று கேட்காதீர்கள். "ஆமாம்" என்று ஒரு வரியும் கூடவே ஒரு பூ எமோஜியும்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: முடிந்த பொருளையோ மூலப்பொருளையோ நீங்களோ உங்களுக்காக வேறு யாரோ உலகில் எங்காவது விலங்கின் மேல் சோதிக்கிறீர்களா? சரக்குக் கொடுப்பவர்களிடம் எழுத்தில் உறுதி வாங்கியிருக்கிறீர்களா, எந்தத் தேதியிலிருந்து? சட்டம் கேட்டால் சோதிக்கும் நாடு எதிலாவது விற்கிறீர்களா?

"சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களைத் தவிர நாங்கள் சோதிப்பதில்லை" என்று பதில் வந்தால், அந்த "தவிர" என்ற சொல்லில்தான் முயல் இருக்கிறது. பதிலே வரவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போடுங்கள். எண் அட்டையின் பின்பக்கம் இருக்கும், பெரும்பாலும் விலைக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில்.